ஸ்கூல் வேன் மேப்ல நகர மாட்டேங்குது

வேன்காரர் மகன், சுங்கை சிப்புட், மலேசியா:
அப்பா தமிழ்ப்பள்ளி வேன் ஓட்டுறாரு. காலையில 6 மணியிலேர்ந்து "வேன் எங்க வருது?"ன்னு அம்மாமாருங்க போன் மேல போன். அதான் ஃப்ளட்டர்ங்கிற ஆப் எழுதுற கருவியில ஒரு ஆப் எழுதினேன், கூகுள் மேப்ல மஞ்சள் வேன் ஓடும். அப்பா போனைப் பாக்கெட்ல போட்டு திரை அணைஞ்சா, வேன் செம்பனைக் காட்டு நடுவுல நின்னுடுது. அப்புறம் நேரா பள்ளி வாசல்ல குதிக்குது!

பதில்:
தம்பி, ஆண்ட்ராய்டு 8லேர்ந்தே திரையில இல்லாம பின்னணியில ஓடுற ஆப்புக்கு ஒரு மணிக்குச் சில தடவைதான் இருப்பிடம் கிடைக்கும். ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் போடுங்க, அதாவது ஒரு நோட்டிபிகேஷனைக் காட்டிக்கிட்டே, திரை அணைஞ்சாலும் ஓடுற வேலை. ஆப்பைப் பத்தின விவரம் எழுதுற மேனிஃபெஸ்ட் ஃபைல்ல அந்த சர்வீஸோட வகையை லொகேஷன்னு எழுதணும். ஆப்பை ஆண்ட்ராய்டு 14க்குன்னு டார்கெட் பண்ணிட்டு, அந்த வகையை எழுதாம விட்டா கிராஷ்தான்.

இன்னொருவர்:
செம்பனைக்குள்ள போன் லைனும் இருக்காதே. ஜிபிஎஸ்ஸுக்கு லைன் வேணாம், புள்ளிகளைப் போன்லயே சேமிச்சு அப்புறம் அனுப்புங்க. "3 நிமிஷம் முன்னாடி"ன்னு மேப்ல காட்டுங்க, இல்லேன்னா வேன் பழுதுன்னு நினைப்பாங்க லா.

வேன்காரர் மகன்:
சர்வீஸ் போட்டேன், இன்னைக்கு ஒழுங்கா ஓடுச்சு அண்ணே. அப்பாதான் அந்த நோட்டிபிகேஷனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாரு.