சிறு ஒயின் ஆலைகளுக்கான மாதச் சந்தா: சேரலாமா?

கேள்வி:
சிறிய ஆலைகளின் ஒயின்களை மட்டும் தேர்ந்தெடுத்து மாதம் இரண்டு பாட்டில்கள் அனுப்பும் கிளப் ஒன்றில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது அதே சில பெரிய பெயர்கள்தான் என்பதால் இந்தத் திட்டம் என்னை ஈர்க்கிறது. ஆனால் நானும் என் மனைவியும் இரண்டு மாதங்களுக்கு மூன்று பாட்டில்களுக்கு மேல் அருந்துவதில்லை. முதல் பெட்டிக்கு மட்டும் பாதி விலை என்ற அறிவிப்பும் சற்றுத் தயக்கத்தைத் தருகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:
ஆலையே நேரடியாக நடத்தும் கிளப் வேறு, வணிகர் ஒருவர் பல ஆலைகளிலிருந்து வாங்கி அனுப்பும் கிளப் வேறு. இரண்டாவது வகையில், மொத்தமாக வாங்கிய ஒயினைக் கிளப்புக்கென்றே உருவாக்கிய ஒரு பெயரில் பாட்டிலில் அடைத்து, அதைச் சிறு ஆலையின் தயாரிப்பு போலக் காட்டுவதும் உண்டு. அந்த ஒயின் மோசமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்லவே. பின்புற லேபிளில் பாட்டிலில் அடைத்தவர் யார் என்று பாருங்கள். அந்த ஆலை கிளப்புக்கு வெளியேயும் அதே பெயரில் விற்கிறதா என்றும் தேடுங்கள். 225 லிட்டர் பீப்பாய் ஒன்றிலிருந்து 750 மில்லி பாட்டில்கள் ஏறத்தாழ 300தான் கிடைக்கும். முப்பதாயிரம் உறுப்பினர்களுக்கும் ஒரே ஒயின் செல்கிறது என்றால் நூறு பீப்பாய்கள் வேண்டும். அதன் பிறகு 'சிறிய' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கத் தோன்றுகிறது. சரக்கு தீர்ந்துவிட்டது என்று அடிக்கடி சொல்லும் கிளப்பையே நான் அதிகம் நம்புவேன்.

மறுமொழி 2:
மேலே உள்ளவர் சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் என்னைக் கிளப்பிலிருந்து விலகவைத்தது கோடை வெயில்தான். ஒருமுறை பெட்டி நாள் முழுவதும் சூடான வண்டியிலேயே கிடந்து, தக்கை மேலே தள்ளப்பட்டு, ஒயின் வேகவைத்த பழம்போல ருசித்தது. முப்பது பாகை செல்சியஸுக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் ஒயின் தாங்காது. ஆகவே வெயில் மாதங்களில் அனுப்புவதை நிறுத்திவைக்க முடியுமா, பழுதான பாட்டிலுக்கு மாற்று உண்டா, எத்தனை பெட்டிகளுக்குப் பிறகு விலகலாம் என்ற மூன்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பாதி விலை முதல் பெட்டிக்குத்தான்; விலகும் விதி எல்லாப் பெட்டிகளுக்கும். பெட்டியைப் பெற்றுக்கொள்ள வயது வந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று: சிறு ஆலைகள் பலவும் வடிகட்டாமலே அடைப்பதால் அடியில் கசடு தெரியலாம், அது பழுதல்ல. பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து மெதுவாக ஊற்றினால் போதும்.

மறுமொழி 3:
நீங்கள் அருந்தும் அளவுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும் சந்தாவே பொருந்தும். பெரும்பாலான ஒயின்கள் சில ஆண்டுகளுக்குள் அருந்தவே தயாரிக்கப்படுகின்றன; சேர்த்துவைத்தால் சிறக்கும் என்று எண்ணி அடுக்கிவிடாதீர்கள். வெள்ளை ஒயின்களை முதலில் முடியுங்கள். தக்கையிட்டவற்றை இருண்ட, குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்தால் தக்கை காய்ந்துவிடாது.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. கிளப்பின் தளத்தில் உள்ள லேபிள் படங்களை இன்று பெரிதாக்கிப் பார்த்தேன். கடந்த மாதத்தின் இரண்டு ஒயின்களும் வெவ்வேறு ஆலைப் பெயர்களைத் தாங்கியிருந்தாலும், அடைத்தவரின் முகவரி ஒன்றாகவே இருந்தது. அவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை பணம் செலுத்தப்போவதில்லை.