குடும்பக் குழு: அப்பாவின் ஆபரேஷனுக்கு யாரிடம் போவது?

கவிதா: சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய் ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது. போட்டோ போட்டிருக்கிறேன், பாருங்கள். அப்பாவுக்கு வயிற்றில் மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய், வீங்கி 5.7 செ.மீ. அகலம் ஆகியிருக்கிறது. போன வருஷம் 4.9தான் இருந்தது. இனி தள்ளிப்போட வேண்டாம் என்கிறார் டாக்டர்.

மல்லிகா: கடவுளே. அண்ணனுக்கு வலி ஏதும் இல்லையே?

சண்முகம்: ஒன்றுமே இல்லை மல்லிகா. இப்போதுதான் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ரவி: அத்தான், என் நண்பருக்கு பைபாஸ் செய்த டாக்டர் நல்ல கைராசிக்காரர். நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன். அவரிடமே முடித்துவிடலாம்.

சுகந்தி: ரவி மாமா, அவர் இதய சர்ஜன். நெஞ்சுக்குள், இதயத்தை ஒட்டிய இடத்தில் வீங்கியிருந்தால் அவரைப் போன்றவரிடம்தான் போக வேண்டும். இது சிறுநீரகத்துக்குக் கீழே இருக்கிறது. இதற்கு வாஸ்குலர் சர்ஜன் வேண்டும், அதாவது ரத்தக்குழாய்க்கென்றே இருப்பவர். அதிலும் வயிற்று மகாதமனியை அடிக்கடி செய்கிறவராக இருக்க வேண்டும். காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும் வெரிகோஸ் மட்டும் நிறைய பார்க்கிறவர் இதற்குச் சரிவர மாட்டார்.

செந்தில்: மதினி, எவ்வளவு அவசரம்? இன்றைக்கே அட்மிட் ஆக வேண்டுமா?

சுகந்தி: இல்லை செந்தில். ஆண்களுக்கு 5.5 தாண்டினால் ஆபரேஷன் பேச்சை எடுப்பார்கள். மாமாவுக்கு ஒரே வருஷத்தில் 0.8 கூடியிருப்பதால் மாதக்கணக்கில் தள்ள முடியாது. ஆனால் இரண்டு டாக்டர்களைப் பார்த்து நிதானமாக முடிவெடுக்க நேரம் இருக்கிறது. ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, வியர்வை, மயக்கம் வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸ். வீக்கம் வெடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதே பலருக்கு நடப்பதில்லை.

சுகந்தி: மாமா, சிகரெட் இன்றோடு சரி. தயவுசெய்து.

சண்முகம்: நிறுத்திவிட்டேன் அம்மா. பாக்கெட்டை உன் அத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

கவிதா: முதல் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். பெரிய ஆஸ்பத்திரி, நன்றாகப் பேசினார். ரிப்போர்ட்டை மட்டும் படித்துவிட்டு, "தொடை வழியாக ஸ்டென்ட் வைத்துவிடலாம், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம்" என்றார். அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ரவி: நல்லதுதானே? வயிற்றைக் கிழிக்க வேண்டாமே.

சுகந்தி: ஸ்கேன் படங்களைத் திறந்து பார்த்தாரா?

கவிதா: இல்லை மதினி. படங்களைக் கேட்கவே இல்லை.

சுகந்தி: அப்படியென்றால் இன்னொருவரைப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது வீங்கிய குழாய்க்குள் வைக்கும் துணி போர்த்திய கம்பிவலைக் குழாய், எல்லோருக்கும் பொருந்தாது. சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களுக்கும் வீக்கம் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் நல்ல குழாய் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். அதைக் கழுத்து என்பார்கள். ஸ்டென்ட் பிடித்து நிற்பது அங்கேதான். சாதாரண ஸ்டென்டுக்கு அது 10 முதல் 15 மி.மீ. நீளமாவது வேண்டும், அதிகம் வளைந்திருக்கவும் கூடாது. இல்லாவிட்டால் ஓரத்தில் ரத்தம் கசிந்து, வீக்கம் வளர்ந்துகொண்டே போகும். இதை அளக்காமல் எந்த முறை என்று சொல்லவே முடியாது.

செந்தில்: அடுத்த டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? நான்தான் கூடப் போகிறேன். எழுதிக்கொள்கிறேன்.

சுகந்தி: வயிற்றைத் திறந்து செய்யும் ஓப்பன் ஆபரேஷன், ஸ்டென்ட் இரண்டையும் நீங்களே செய்வீர்களா என்று கேள். ஒன்றை மட்டும் தெரிந்தவர் அதையே சிபாரிசு செய்வது இயல்பு. அப்புறம், போன வருஷம் இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், உங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை, அதில் எத்தனை பேர் இறந்தார்கள். கூச்சப்படாதே. அமெரிக்க வாஸ்குலர் சர்ஜன்கள் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலில் ஓப்பன் ஆபரேஷனுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு 10 ஓப்பன் மகாதமனி ஆபரேஷனாவது நடக்க வேண்டும், இறப்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. ஐரோப்பியச் சங்கம் 2024-இல் இரண்டு முறைகளும் சேர்த்து 30 என்று சொல்லியிருக்கிறது. நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்வியில் கோபம் வராது. கோபம் வந்தால் அதுவே நமக்குப் பதில்.

சுகந்தி: இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் கசிந்தால் யார் வருவார்கள்? மகாதமனி கேஸ்களில் பழகிய மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி, டயாலிசிஸ், 24 மணி நேர ஐசியூ எல்லாம் அதே கட்டடத்தில் இருக்கிறதா? ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்ப்பவளாகச் சொல்கிறேன், சர்ஜன் பெயரைவிட அந்த முதல் ராத்திரியில் பக்கத்தில் இருப்பவர்கள்தான் எனக்குப் பெரிது.

மல்லிகா: இவ்வளவு கேட்டால் டாக்டர் வெளியே போகச் சொல்ல மாட்டாரா?

செந்தில்: சொல்லவில்லை அத்தை! இப்போதுதான் முடித்துவிட்டு வெளியே வந்தோம். ஸ்கேன் படங்களைப் போட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். படத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, அந்தக் கழுத்தில் மவுஸால் கோடு இழுத்து அளந்தார். 8 மி.மீ., அதுவும் சாய்ந்திருக்கிறது. "இதில் சாதாரண ஸ்டென்ட் நிற்காது. நான் இரண்டும் செய்கிறேன், உங்களுக்கு ஓப்பன்தான் சொல்வேன்" என்றார்.

சண்முகம்: எனக்கு ஸ்டென்டே போதும் என்றிருந்தது. 66 வயதில் வயிற்றைத் திறப்பது என்றால் யோசனையாக இருக்கிறது.

சுகந்தி: பயம் இருக்கத்தான் செய்யும் மாமா. ஓப்பன் பெரிய ஆபரேஷன்தான், ஒளித்துப் பேச மாட்டேன். ஐசியூ, ஒரு வாரத்துக்கும் மேல் ஆஸ்பத்திரி, பழையபடி ஆக இரண்டு மூன்று மாதம். முதல் மாதத்தில் ஆபத்தும் ஸ்டென்டைவிட அதிகம். ஆனால் வீங்கிய இடத்தில் தைத்து வைக்கும் துணிக்குழாய் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மறுபடி சரிசெய்ய வேண்டியும் வரலாம். பிரிட்டனில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆரம்பத்தில் ஸ்டென்ட் முன்னால் இருந்தது. 8 வருஷத்துக்குப் பிறகு ஓப்பன் செய்தவர்களில்தான் அதிகம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

ரவி: சிறுநீரகக் குழாய்களுக்கு ஓட்டை விட்ட ஸ்டென்ட் ஒன்று உண்டாமே?

செந்தில்: அதையும் கேட்டேன் மாமா. உண்டு. அளவெடுத்துத் தனியாகச் செய்ய வேண்டும், வர வாரக்கணக்கில் ஆகும். இதயமோ நுரையீரலோ ஓப்பனைத் தாங்காது என்று டெஸ்டில் தெரிந்தால் அந்த வழி என்கிறார். இதயத்துக்கு எக்கோ, நுரையீரல் டெஸ்ட், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். கழுத்து சின்னதாக இருப்பதால், ஆபரேஷனில் ரத்த ஓட்டத்தை நிறுத்தப் போடும் கிளாம்பைச் சிறுநீரகக் குழாய்களுக்கு மேலே போட வேண்டி வரலாம், அதனால்தான் கிரியேட்டினின் முக்கியம் என்றார். அவர்கள் எண்ணிக்கையையும் தயங்காமல் சொன்னார், மதினி சொன்ன வரம்புக்கு நன்றாக உள்ளேதான் இருக்கிறது. ராத்திரி டியூட்டியில் யார் இருப்பார்கள் என்பதையும் சொன்னார்.

சுகந்தி: கிளாம்ப் விஷயத்தைக் கேட்பதற்கு முன்பே எடுத்துச் சொன்னார் என்றால், அவரிடம் மாமாவை ஒப்படைக்க எனக்குச் சம்மதம்.

கவிதா: அப்பா, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் உடம்பு.

சண்முகம்: இவரிடமே போகிறேன். ஆபத்தையும் சேர்த்துச் சொன்னார். டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டுத் தேதி வாங்குவோம்.

செந்தில்: சரி அப்பா. வியாழக்கிழமை எக்கோ, நான் கூட வருகிறேன்.

சுகந்தி: ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். அப்புறம் அம்மா, இது கூடப்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு உண்டு. நீயும் சித்தியும் வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள். வலி இல்லை, ஊசி இல்லை, கால் மணி நேர வேலை.

மல்லிகா: அவளுக்கு இப்போதே போன் போடுகிறேன். வியாழக்கிழமை நாங்களும் அண்ணனோடு வந்து அங்கேயே எடுத்துக்கொள்கிறோம்.