பறவையா, பட்டாம்பூச்சியா? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி – கோத்தகிரி வாசகர்

பணி ஓய்வுக்குப் பின் கோத்தகிரிக்கு அருகே குடியேறியிருக்கிறேன். நாள்தோறும் இரண்டு மணி நேரத்தைச் சோலையோரத்தில் அமைதியாகக் கழிக்க ஆசை. பறவை நோக்குவதா, பட்டாம்பூச்சி நோக்குவதா என்று முடிவெடுக்க இயலவில்லை. வலது காது ஏறக்குறைய கேட்பதில்லை. முழங்கால் வலியால் மேடேறவும் முடியாது. இரண்டையும் ஒருங்கே தொடங்கினால் எதிலும் தேற மாட்டேன் என்பதால், ஒன்றையே சொல்லுங்கள்.

பதில் – குன்னூரிலிருந்து

ஐயா, பறவைகளையே தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் மழையும் மூடுபனியும் மலையைச் சூழ்ந்துவிட்டால் பட்டாம்பூச்சிகள் அரிதாகவே பறக்கும். நீலகிரியையும் அதை ஒட்டிய உயர்மலைகளையும் தவிர உலகில் வேறெங்கும் வாழாத நீலகிரிச் சிரிப்பானோ, அந்த மழையிலும் தோட்டத்துப் புதருக்குப் பழம் தின்ன வரும். செவிக்குறையை எண்ணித் தயங்க வேண்டாம். மெர்லின் என்னும் கைபேசிச் செயலி பல பறவைகளின் குரலைக் கேட்டுப் பெயரைத் திரையில் காட்டிவிடும்.

பதில் – உதகையிலிருந்து

மேலே எழுதிய நண்பரிடம் ஒன்றில் மாறுபடுகிறேன். செயலி பெயரைச் சொல்லும். குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லாது. ஒலி இரு காதுகளையும் வந்தடையும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே நாம் திசையறிகிறோம் என்பதால், அடர்ந்த சோலையில் ஒற்றைக் காதோடு பறவையைத் தேடுவது பெரும் சோர்வைத் தரும். என் தந்தையார் அப்படித்தான் மனம் வெறுத்துப் பாதியில் விட்டார்.

பட்டாம்பூச்சிக்குக் கண் போதும். உடல் சூடேற வெயில் வேண்டும் என்பதால் அவை காலை ஒன்பது மணிக்கு மேல்தான் சுறுசுறுப்படையும். பனியில் விடியற்காலையே கிளம்ப வேண்டியதில்லை. மேடேறவும் வேண்டாம்: தோட்டத்தில் கிலுகிலுப்பைச் செடி வளர்த்தால், அதன் காய்ந்த தண்டிலும் காயிலும் உள்ள ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருளை உறிஞ்ச, வரியன் எனப்படும் பட்டாம்பூச்சி வகையின் ஆண் பூச்சிகள் தேடி வரும். எலுமிச்சைச் செடி ஒன்றும் வையுங்கள். அழகி எனப்படும் பட்டாம்பூச்சி வகைகளின் இளம்புழு, பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இலையில் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்கும் முதல் நாளின் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது. மழை மாதங்களில் ஓய்வுதான், அதை மறுக்கவில்லை.

கேட்டவர்

திசை பற்றி நீங்கள் எழுதியது என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது. பட்டாம்பூச்சி என்றே முடிவு செய்துவிட்டேன். என்னிடமுள்ள பழைய பைனாகுலர் இதற்கு உதவுமா?

பதில் – உதகையிலிருந்து

இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு பூவை வைத்துப் பாருங்கள், ஐயா. தெளிவாகத் தெரிந்தால் அதுவே போதும். மங்கலாக இருந்தால் அண்மைக் குவியம் உள்ளதை, அதாவது பக்கத்துப் பொருளையும் தெளிவாகக் காட்டுவதைக் கேட்டு வாங்குங்கள்.