சிறப்பாசிரியர் பணியும் சிறுகதை எழுத்தும்: இரண்டையும் எப்படிக் கொண்டுசெலுத்துகிறீர்கள்?

கேள்வி: முக்கூடல்காரி

அனைவருக்கும் வணக்கம். வட்டார வள மையம் ஒன்றில் தொகுப்பூதியத்தில் ஒன்பது ஆண்டுகளாக மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியராக இருக்கிறேன். கல்லூரிக் காலம் முதல் கதை எழுதி வருகிறேன். இதுவரை ஏழு கதைகள் சிற்றிதழ்களில் வெளிவந்துள்ளன. கடைசிக் கதை வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

வாரத்தில் மூன்று நாள் பள்ளிகள், இரண்டு நாள் வீட்டுவழிக் கல்வியில் உள்ள குழந்தைகள் என்று நாள்கள் ஓடுகின்றன. மாலையில் வீடு திரும்பியதும் வருகைப் பதிவு, புகைப்படம், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றம், தனிநபர் கல்வித் திட்டம். சிறப்பாசிரியர்கள் பெற்றிருக்க வேண்டிய இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதற்கான பயிற்சி வகுப்புகள் சில ஞாயிறுகளையும் எடுத்துக்கொள்கின்றன. இரவு பத்து மணிக்கு நோட்டைத் திறந்தால் "மாணவர் ஆர்வத்துடன் பங்கேற்றார்" என்பது போன்ற வாக்கியங்களைத் தவிர வேறெதுவும் கைக்கு வருவதில்லை.

இதைவிட என்னை உறுத்துவது மற்றொன்று. எழுத வருவதெல்லாம் அந்தக் குழந்தைகளாகவே இருக்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுவன், வயது பதினொன்று. அவன் பாயில் படுத்திருக்க, அவனுடைய தாய் சொளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். 25 பீடி சேர்ந்து கட்டுக்கு நூல் சுற்றும் ஒவ்வொரு முறையும், அவர் நூலை எடுப்பதற்குச் சற்று முன்பே அவன் சிரித்துவிடுவான். எண்ணிக்கொண்டிருக்கிறானா, தாயின் தோள் அசைவை வைத்து அறிகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு பக்கம் எழுதிவிட்டு, அது யாருடைய சொத்து என்ற ஐயம் வந்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். இந்தத் துறையில் இருந்துகொண்டு எழுதுபவர்கள் நேரத்திற்கும் இந்த ஐயத்திற்கும் என்ன செய்கிறீர்கள்?

பதில்: ஆறுபுள்ளி

தங்கைக்கு வணக்கம். பார்வையற்ற குழந்தைகளுக்கு 22 ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். நேரத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. இரவு பத்து மணியைக் கைவிட்டுவிடுங்கள். நான் அம்பாசமுத்திரத்தில், திருநெல்வேலி போகும் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறுகிறேன். உட்கார இடம் கிடைத்த நாளில் சேரன்மகாதேவி வருவதற்குள் ஒரு பக்கம் முடியும். பேட்டைக்குப் பிறகு எழுதுவதற்கில்லை. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார்கள். வாரத்திற்கு இரண்டு பக்கம் தேறினால் நல்ல வாரம் என்று கொள்கிறேன்.

நம்மூரில் வங்கி வேலையில் இருந்துகொண்டே நல்ல கதைகளை எழுதியவர்களை எடுத்துக்காட்டாகக் கூறி, உன்னால் ஏன் முடியாது என்று கேட்பவர்கள் உண்டு. மாலையில் கணக்கு நேரானால் அந்த மேசையை மூடிவிடலாம் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. நம் மேசை மூடாது.

அறிக்கை மொழியைப் பற்றி நீங்கள் கூறியதில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். பார்த்ததை மட்டும் எழுது, ஊகித்ததை எழுதாதே என்று பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்தார்கள் அல்லவா? "கோபப்பட்டான்" என்று எழுதினால் அடித்துவிட்டு, "தட்டை மூன்று முறை தள்ளினான்" என்று எழுதச் சொல்வார்கள். கதை எழுதுபவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறு கிடைக்காது. உங்கள் பீடிக்கட்டுச் சிறுவன் அந்தப் பாடத்திலிருந்து வந்தவன்தான். கேடு செய்வது அறிக்கைப் படிவத்தின் மற்றொரு கட்டம்: குறுகிய கால இலக்கு, மூன்று மாதம், அடைந்த முன்னேற்றம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 குறைபாட்டு வகைகளுள் ஒன்றைக் குறித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ஏதேனும் ஒரு வளர்ச்சியைக் காட்டியாக வேண்டும் என்று நம் கை பழகிவிடுகிறது. அந்தப் பழக்கம் கதைக்குள்ளும் நுழைகிறது. கடைசிப் பத்தியில் குழந்தை முதன்முறையாக "அம்மா" என்று சொல்லும், அல்லது சட்டைப் பொத்தானைத் தானாகப் போடும். வாசிப்பவர் கண்ணீர் விடுவார். நான் பதினைந்து ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். உங்கள் ஏழு கதைகளின் முடிவுகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது ஐயத்திற்கு என் பிழையையே சொல்கிறேன். முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் இருந்தபோது, பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதும் என்று நம்பி ஒரு சிறுமியைப் பற்றிக் கதை எழுதினேன். இரவில் கழிப்பறைக்குத் தனியே போக அஞ்சி, பக்கத்துக் கட்டில்காரியின் பாவாடை முனையைத் தன் விரலில் முடிந்துகொண்டு தூங்குவாள் அவள். அந்த முடிச்சை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. கதையில் அதுதான் அழகு. விடுமுறைக்கு அழைத்துப் போக வந்த அவளுடைய தாய் வாசலில் நின்று, "எம் பிள்ளயப் பத்தி எழுதியிருக்கியளாமே டீச்சர்" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அவ பயப்படுவான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே" என்பதுதான் அவருடைய குறை. கதைக்குச் சொன்னதை அவரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பிரெய்ல் என்னும் புள்ளியெழுத்தை எழுதும் சட்டகத்தில் தாளை வைத்து ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தும்போது, எழுதுபவரின் விரலுக்கு எழுத்து கிடைக்காது. தாளைக் கழற்றித் திருப்பினால்தான் புள்ளிகள் மேலே வரும், அப்போது இடமிருந்து வலமாக வாசிக்கலாம். என் குறிப்பேடும் அப்படித்தான். ஒரு குழந்தை என் வகுப்பில் இருக்கும்வரை அவளைப் பற்றிய குறிப்புகளைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அவள் வேறு பள்ளிக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழித்துத் திருப்பும்போது, பெரும்பாலும் அவளைவிட நான்தான் அதில் அதிகம் இருக்கிறேன்.

பதில்: தபால்காரர் ஓய்வில்

ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும். நான் அஞ்சல் துறையில் இருந்தவன். 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, முற்றிலும் இலக்கியத் தன்மை கொண்ட எழுத்துக்கு முன் அனுமதி தேவையில்லை. அதை நம்பித்தான் முப்பது ஆண்டுகள் கவிதை எழுதினேன். தங்களுடையது மாநிலத் திட்டத்தில் தொகுப்பூதியப் பணி என்பதால், இந்த விதியைத் தங்களுக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்கள் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமான பதிலையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: மேலப்பாளையம் உம்மா

நான் ஆசிரியை அல்லள்; ஆட்டிசம் உள்ள பதினான்கு வயது மகனின் தாய். பெற்றோரிடம் அனுமதி பெற்றுவிட்டு எழுதலாமே என்று இங்கு யாரேனும் சொல்லிவிடுவதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகனின் டீச்சர் எந்தத் தாளை நீட்டினாலும் நான் கையெழுத்துப் போடுவேன். மறுத்தால் அடுத்த வாரம் முகம் மாறிவிடுமோ, வருவது குறைந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு இருக்கும். அவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்று தெரிந்தும் இருக்கும். மறுக்க முடியாதவரிடம் வாங்குவதை அனுமதி என்று எப்படிச் சொல்வது? எங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதவே கூடாது என்பதல்ல என் கருத்து. இரக்கத்திற்குரியவர்களாகவும் தெய்வக் குழந்தைகளாகவும் மட்டும் எழுதப்பட்டதைப் படித்துச் சலித்துவிட்டது. என் மகன் சில நாள்களில் வேண்டுமென்றே என்னைச் சீண்டுவான். அதை எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை. உங்களைச் சார்ந்திராத ஒரு தாயிடம் படிக்கக் கொடுத்துப் பாருங்கள். நானே படித்துத் தருகிறேன்.

முக்கூடல்காரி

அக்கா சொன்னபடி ஏழு கதைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஐந்தில் கடைசிப் பத்தியில் குழந்தை எதையோ முதன்முறையாகச் செய்கிறது. ஒன்றில் முதன்முறையாகப் பட்டம் விடுகிறான்; அந்தப் பையனால் நூலைப் பிடிக்கவே முடியாது என்று இரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

பெட்டியிலிருந்த ஆறு பக்கங்களையும் படித்தேன். ஒன்றரை ஆண்டாக அந்த வீட்டிற்குப் போகிறேன், ஆனால் அதில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பது ஒரு வரிகூட இல்லை. நான் போனவுடன் அந்தத் தாய் பீடி இலையை ஒதுக்கிவிட்டு முக்காலியைத் தம் முந்தானையால் துடைத்துப் போடுவார். நான் இருக்கும் முக்கால் மணி நேரமும் அவருக்குச் சுற்று குறையும். அது அவருடைய கூலி. இதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சிறுவனைக் கதைக்கு வெளியே விட்டுவிட்டு அந்த முக்காலியிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. உம்மா, முடிந்ததும் தங்களுக்கு அனுப்புகிறேன்.