சாவி சம்படத்துக்குள், சம்படம் காருக்குள்: தானே பூட்டிக்கொள்ளும் வண்டியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி
எழுதியவர்: காங்கயம் தோட்டத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கார் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலேயே கதவு திறக்கும். நாலு எட்டு விலகி நடந்தால் தானே பூட்டிக்கொள்ளும். இரண்டு கையிலும் புண்ணாக்கு மூட்டை இருக்கும்போது சாவியைத் தேடாமல் டிக்கியைத் திறக்க முடிவது எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பது தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் வசதியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

சென்ற மாதம் கோபிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, குழந்தைகள் கேட்டார்கள் என்று கொடிவேரி அணையில் குளிக்க இறங்கினோம். தண்ணீரில் நனைந்துவிடக் கூடாதே என்று அம்மா என் சாவியையும் போனையும் வாங்கி, முறுக்கு கொண்டுவந்த எவர்சில்வர் சம்படத்துக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடிப் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மடங்கின. நான்கு கதவுகளிலும் ஒரே நேரத்தில் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

என் மனைவியின் போனில் கார் நிறுவனத்தின் செயலியை இறக்கி, என் கணக்கில் நுழைந்து திறக்கலாம் என்று முயன்றோம். அதற்கு வேண்டிய ஓ.டி.பி. சம்படத்துக்குள் கிடந்த என் எண்ணுக்குத்தான் வரும். உதவி மையத்தாரும் பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால்தான் திறக்க முடியும் என்றார்கள்; திருடனுக்கும் எனக்கும் வேறுபாடு தெரியாத நிலையில் அவர்கள் சொன்னது நியாயம்தான். கடைசியில் என் மாமா, எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தார். ஈரத் துணியோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

சாவி உள்ளே இருந்தால் பூட்டாமல் ஒலி எழுப்பும் அதே வண்டி, அன்றைக்கு மட்டும் ஏன் பூட்டிக்கொண்டது? போனையே சாவியாக மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. அது உண்மையா? எழுபது வயதைத் தாண்டிய என் அப்பாவும் இந்த வண்டியை ஓட்டுகிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன்.

பதில் 1
எழுதியவர்: சிங்காநல்லூர் ஆட்டோ எலக்ட்ரீசியன்

அண்ணா, உங்கள் வண்டியில் பழுது எதுவும் இல்லை. பெரும்பாலான கார்களில் வண்டி முதலில் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சாவியைக் கூப்பிடும். அந்தக் கூப்பிடு ஓரிரு மீட்டருக்கு மேல் எட்டாது. அதைக் கேட்ட பிறகுதான் சாவி விழித்துக்கொண்டு 433 மெகாஹெர்ட்ஸ் அளவில் பதில் கொடுக்கும். மூடி இறுகிய எவர்சில்வர் சம்படம் இந்த இரண்டு அலைகளையும் பெருமளவு தடுத்துவிடும். ஆகவே கதவு சாத்தப்பட்டவுடன், சாவியை வைத்திருப்பவர் வண்டியை விட்டுப் போய்விட்டார் என்று வண்டி கணக்கிட்டு, அவருக்கு உதவுவதாகத்தான் பூட்டியிருக்கிறது. சாவியின் அலையைத் தொலைவுக்கு நீட்டிக் காரைத் திறக்கும் ரிலே திருட்டுக்கு அஞ்சுபவர்கள், இரவில் சாவியை வேண்டுமென்றே உலோக டப்பாவில் வைப்பதும் இதே காரணத்தால்தான்.

தானாகப் பூட்டுவது என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஓடத் தொடங்கி மணிக்குச் சுமார் 15 அல்லது 20 கி.மீ. வேகம் வந்ததும் பூட்டுவது ஒன்று. ரிமோட்டால் திறந்துவிட்டு யாரும் கதவைத் திறக்காவிட்டால், சுமார் 30 நொடியில் மீண்டும் பூட்டிக்கொள்வது இன்னொன்று. சாவி விலகிப் போனால் பூட்டுவது மூன்றாவது. உங்களை மாட்டிவிட்டது மூன்றாவதுதான். பல வண்டிகளில் திரையில் உள்ள செட்டிங்ஸ் பகுதியில் அதை மட்டும் நிறுத்தி வைக்கலாம். மற்ற இரண்டையும் தொட வேண்டாம். தோட்டத்துக்குள் வண்டியை நிறுத்தும் வீடுகளில் அந்த மூன்றாவது வேலை அவசியமே இல்லை என்பது என் கருத்து.

என் பட்டறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, சாவிக்குள் இன்னொரு சாவி இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா என்பதுதான். ரிமோட்டின் ஓரத்தில் உள்ள சிறு குமிழை நகர்த்தினால் உள்ளிருந்து இரும்புச் சாவி உருவிக்கொண்டு வரும். ஓட்டுநர் பக்கக் கைப்பிடியில் சாவித்துளை வெளியே தெரியாவிட்டால், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் அது இருக்கும்; மூடியின் அடியில் உள்ள சிறு பிளவில் சாவியின் நுனியைக் கொடுத்து மெல்ல நெம்பினால் மூடி கழன்று வரும். வண்டியின் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் எல்லாக் கதவுகளையும் ஒன்றாகப் பூட்டித் திறக்கும் சென்ட்ரல் லாக்கும் இல்லை, செயலியும் இல்லை. இந்த இரும்புச் சாவி ஒன்றுதான் வழி. ஆண்டுக்கணக்கில் திருப்பாத பூட்டு நம் ஊர்ப் புழுதியில் இறுகிவிடும் என்பதால், மாதம் ஒருமுறையாவது திருப்பிப் பாருங்கள். எண்ணெய் விட்டால் அது புழுதியைச் சேர்த்துக்கொள்ளும். கிராபைட் தூள் போதும்.

ரிமோட்டில் உள்ள பட்டன் பேட்டரி பெரும்பாலும் சி.ஆர். 2032 ஆக இருக்கும்; 20 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. தடிமனும் கொண்ட 3 வோல்ட் பேட்டரி அது. கைப்பிடியருகே வந்து நின்றும் கதவு இரண்டாம் முறைதான் திறக்கிறது என்றால் உடனே மாற்றிவிடுங்கள். அது முழுதும் தீர்ந்தாலும் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் பல வண்டிகள் கிளம்பும். சில வண்டிகளில் அதற்கென்று தனி இடம் உண்டு, வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பதில் 2
எழுதியவர்: பொள்ளாச்சி – வால்பாறை பயணி

வணக்கம் ஐயா. நான் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஓராண்டாகப் போனைத்தான் சாவியாகப் பயன்படுத்துகிறேன். உங்கள் பிரதிநிதி போன் சாவி என்று எதைச் சொல்கிறார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் முற்றிலும் வேறான இரண்டு பொருள்களை அந்த ஒரே பெயரில் விற்கிறார்கள்.

முதலாவது, செயலி வழியாகப் பூட்டித் திறப்பது. நீங்கள் போனில் அழுத்தும் கட்டளை இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து வண்டிக்குள் இருக்கும் சிம்முக்கு வந்து சேர வேண்டும். உங்கள் போன், வண்டி இரண்டில் எதற்கு டவர் கிடைக்காவிட்டாலும் கதவு திறக்காது. ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பல இடங்களில் எந்த டவரும் எடுப்பதில்லை. கோவையில் உள்ள பெரிய கடைகளின் அடித்தள வாகன நிறுத்தத்திலும் எனக்கு இதே அனுபவம்தான். வீட்டுக்கு வந்த பிறகு வண்டியைப் பூட்டினோமா என்று பார்த்துக்கொள்ள அது நல்ல வசதி; அதைச் சாவி என்று எண்ணி வெறுங்கையோடு கிளம்பக் கூடாது. இலவச ஆண்டுகள் முடிந்த பிறகு சந்தா கட்ட வேண்டியிருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் உண்மையான போன் சாவி. இதில் போனும் வண்டியும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன, டவர் தேவையில்லை. என்.எஃப்.சி. முறை என்றால் போனைக் கைப்பிடியில் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் காட்ட வேண்டும். ப்ளூடூத் என்றால் பையில் இருந்தபடியே வேலை செய்யும். இப்போது அல்ட்ரா வைட்பேண்ட் என்ற மூன்றாவது முறையும் வந்திருக்கிறது. கார் நிறுவனங்களும் போன் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் கார் கனெக்டிவிட்டி கன்சார்டியம் 2021இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு விதிமுறையில் இதைச் சேர்த்தார்கள். அலை போய்த் திரும்பும் நேரத்தை அளந்து போன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இது கணக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் போகும் இந்த அலையே ஒரு நானோ நொடியில் (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) சுமார் 30 செ.மீ. தான் செல்லும் என்பதால், மேலே அண்ணா சொன்ன ரிலே திருடன் அலையை எவ்வளவு நீட்டினாலும் அந்தக் கூடுதல் நேரம் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, சாவியைப் பகிர்ந்துகொள்ள முடிவது. நான் பள்ளியில் இருந்தபோது மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிவந்தது. என் கொழுந்தனாரின் போனுக்கு அந்த நாளுக்கு மட்டும் சாவி அனுப்பிவைத்தேன். மலைப்பாதையில் 3 மணி நேரம் செலவழித்து நான் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க முடியாது.

பிடிக்காதது, போனின் போக்கு. சார்ஜை மிச்சப்படுத்துகிறேன் என்று ஆண்ட்ராய்டு போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும்; நான் கதவருகே மழையில் நின்று திரையைத் திறந்து செயலியை எழுப்ப வேண்டும். பேட்டரி செட்டிங்கில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு இது பெரும்பாலும் சரியாகிவிட்டது. சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகும் 5 மணி நேரம் வரை என்.எஃப்.சி. சாவி வேலை செய்யும் ஐபோன்கள் இருக்கின்றன. எல்லாப் போன்களிலும் அப்படி இல்லை. நீங்கள் கொடிவேரியில் செய்ததுபோல் போனையும் சாவியையும் ஒரே இடத்தில் வைத்தால் எந்த முறையும் உதவாது. உங்கள் மனைவியின் போனிலும் தனிச் சாவியை இன்றைக்கே பதிவு செய்து வையுங்கள்.

பதில் 3
எழுதியவர்: ஈரோட்டு அப்புச்சி

தம்பி, உங்களுக்கு ஈரத் துணியோடு போயிற்று. எங்களுக்கு அன்றைக்கு உயிரே போய்த் திரும்பியது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதம், மணிக்கூண்டுப் பக்கம் துணி எடுத்துவிட்டு, என் மகள் இரண்டு வயதுப் பேரனைப் பின்சீட்டில் உட்கார வைத்து, அழாமல் இருக்கட்டும் என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஓட்டுநர் பக்கம் சுற்றி வருவதற்குள் அவன் பூட்டும் பொத்தானை அழுத்திவிட்டான். எஞ்சின் ஓடவில்லை, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உச்சிவெயில். வெளியிலிருந்து எல்லோரும் கையைக் காட்டிக் கத்தியதில் பயந்து, ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தான். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் ஏறும் என்பதையும், பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் வேகமாகச் சூடேறும் என்பதையும் பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து டயர் கடைக்காரர் வீல் ஸ்பேனரோடு ஓடி வந்தார். குழந்தையிடமிருந்து தள்ளியிருந்த முன்பக்கக் கதவுக் கண்ணாடியை, நடுவில் அடிக்காமல் கீழ் மூலையில் ஓங்கி அடித்தார். கல்கண்டுத் தூள் போல் உதிர்ந்தது. பக்கக் கண்ணாடி பெரும்பாலான வண்டிகளில் அப்படி உதிரும் வகை. முன்கண்ணாடி இரண்டு அடுக்காக நடுவில் படலம் வைத்து ஒட்டியது என்பதால் எவ்வளவு அடித்தாலும் விரிசல் விடுமே தவிர வழி விடாது. இதை அறியாமல் முன்கண்ணாடியை அடித்து நேரத்தை வீணாக்கிவிடாதீர்கள். உள்ளே குழந்தை சிக்கிக்கொண்டால் மாற்றுச் சாவி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 112ஐ அழைத்துவிட்டு உடனே கண்ணாடியை உடையுங்கள்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில், மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் விடுவிக்கும் ஏற்பாடு கட்டாயம். ஆனால் பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. முன்சீட்டுக்குத் தாவி முன்கதவு வழியாகத்தான் வெளியேற வேண்டும். வண்டியை ஒப்படைத்த நாளில் மாலை போட்டுப் படம் எடுக்க அரை மணி நேரம் செலவிட்டவர்கள், இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதில் 4
எழுதியவர்: திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பழைய கார் வாங்குபவர்கள், முந்தைய உரிமையாளரின் செயலியிலிருந்து வண்டி நீக்கப்பட்டதா என்று கட்டாயம் பாருங்கள். நான் வாங்கிய வண்டி எங்கே நிற்கிறது என்பதை மூன்று மாதம் வரை அவர் போனில் பார்க்க முடிந்தது; கதவையும் திறந்திருக்கலாம். நல்ல மனிதர், அவரே கூப்பிட்டுச் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறிவிட்டதால் செயலியிலும் மாறிவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பதிவு செய்த போன் சாவிகள் அனைத்தையும் அழித்து, இரண்டு ரிமோட்டையும் கையில் வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்
எழுதியவர்: காங்கயம் தோட்டத்துக்காரர்

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்புச்சி எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். குழந்தைகள் கையில் ரிமோட்டைக் கொடுப்பது அன்றோடு நின்றது.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்திச் சோதித்தோம். சாவியை அதே சம்படத்தில் போட்டு மூடிக் கைப்பிடியருகே நின்றபோது கதவு அசையவில்லை. மூடியை ஒரு விரல் அளவு திறந்ததும் திறந்துகொண்டது. அம்மாவுக்கு அன்றைக்கு நடந்தது தன் தவறு என்ற மனக்குறை இருந்தது. வண்டி எப்படி ஏமாந்தது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது. விலகிப் போனால் பூட்டும் வேலையை நிறுத்திவிட்டேன். என் மனைவியின் போனில் ப்ளூடூத் சாவி பதிவாகிவிட்டது. இரண்டாவது சாவி இனி வெளியூர்ப் பயணங்களில் அவருடைய கைப்பையில் இருக்கும்.

பிறகு அப்பாவிடம் இரும்புச் சாவியைக் கொடுத்தேன். கைப்பிடி மூடியைக் கழற்றுவதற்கு இரண்டு முறை சொல்லித்தர வேண்டியிருந்தது. பூட்டு இறுகித்தான் இருந்தது. மூன்றாம் முயற்சியில் திரும்பியது. ரிமோட்டால் திறக்காததால் கதவைத் திறந்தவுடன் அலாரம் அலறத் தொடங்கி, கட்டுத்தரையில் மாடுகள் மிரண்டு எழுந்துகொண்டன. உள்ளே உட்கார்ந்து ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தியதும் அடங்கியது. அந்த அலாரத்தைப் பற்றி இங்கே யாரும் குறிப்பிடவில்லை என்பதால் சொல்லிவைக்கிறேன். வெளியிடத்தில் இப்படித் திறக்க நேர்ந்தால் பதறிக் கதவை விட்டு இறங்காமல், உடனே உட்கார்ந்து வண்டியைக் கிளப்ப வேண்டும் என்று அப்பா தாமாகவே இன்னொரு முறை செய்து பார்த்துக்கொண்டார்.