கோடையில் வன்னிப் பக்கம் காட்டுப் பூ பார்க்க நடப்பது: எங்கே, எந்த நேரம்?

புதுசா வந்தவன்:
வேலை மாறி கிளிநொச்சிக்கு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் அறைக்குள் கிடந்து போன் பார்ப்பதை விட்டுவிட்டு, காலையில் நடந்து திரிந்து காட்டுப் பூக்களைப் படம் எடுக்கலாம் என்று ஆசை. ஆனால் கேட்ட ஆட்கள் எல்லாம் ‘இப்ப சோளகக் காத்து வீசுற காலம், புல்லே கருகிக் கிடக்கு, கார்த்திகை மாரிக்குப் பாருங்கோ’ என்கிறார்கள். உண்மையாகவே இப்போது ஒன்றும் இல்லையா? கமெரா கிடையாது, போன்தான். இன்னொன்று, போன கிழமை ஒழுங்கை ஓரப் பற்றையில் ஒரு பூ கண்டேன். சின்னக் குஞ்சம் மாதிரித் தொங்குகிறது, மேல் பாதி வெளிர் ஊதா, கீழ் பாதி மஞ்சள். இரண்டு நிறமும் ஒரே பூவில். அது என்ன?

அலைகரை:
இல்லை என்று சொல்கிறவர்கள் ஏ9 வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள், அவ்வளவுதான். கோடைக்குப் பூ குளத்துக்குள் இறங்கிவிடும். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட, குளத்துத் தண்ணீர் வந்து தொடுகிற அலைகரை பின்வாங்கப் பின்வாங்க, ஈரம் காயாத அந்தச் சேற்று நிலத்தில்தான் இப்போது எல்லாம் நடக்கிறது. இரணைமடுவோ, வவுனிக்குளமோ, பெயர் தெரியாத ஒரு சின்னக் குளமோ, எங்கே போனாலும் முதலில் குனிந்து பாருங்கோ. பொடுதலை படர்ந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் வெறும் புல்தான். முழங்காலில் இருந்து பார்த்தால் கருஞ்சிவப்பான ஒரு சின்ன மொட்டுத் தலை, அதைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல வெள்ளையும் வெளிர் ஊதாவுமாக நுணுக்கமான பூக்கள். நாள் போகப் போக தலை நீளும், அந்த வளையமும் மேலே ஏறிக்கொண்டே போகும். அதற்குப் பக்கத்திலேயே தேள்கொடுக்கி நிற்கும், பூக்கதிர் நுனி தேளின் வால் மாதிரி சுருண்டிருக்கும், அடியிலிருந்து வரிசையாக விரிந்துகொண்டு வரும். குளக்கட்டில் காய்ந்த பக்கத்தில் நெருஞ்சியும் விஷ்ணுகிரந்தியும். விஷ்ணுகிரந்தி நகக்கண் அளவுதான், ஆனால் அந்த நீலம் வேறு பூவுக்கு வராது. வெயில் ஏறி உச்சிக்கு வந்தால் மூடிவிடும், அப்புறம் தேடினாலும் கிடைக்காது.

மரங்களை மறக்க வேண்டாம். கொன்றை இலை உதிர்த்துவிட்டு மஞ்சளாகத் தொங்குவது சித்திரை, வைகாசியில்தான். ஆவரசும் எருக்கலையும் எந்தக் கோடைக்கும் அசையாது. கார்த்திகைப்பூ மட்டும் இப்போது தேடிப் பயனில்லை, மழை விழுந்துதான் கிழங்கு முளைக்கும். அதைக் காணும் காலத்திலும் படம் மட்டும் எடுங்கோ, கிழங்கு கொடிய நஞ்சு.

உங்கள் குஞ்சம் விடத்தல் என்று நினைக்கிறேன். முள் இருந்ததா? காய் சுருண்டு முறுக்கிக் கொத்தாக இருக்கும், அதையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கோ.

மல்லாவி அக்கா:
தம்பி, அலைகரை சொன்னது எல்லாம் சரி, ஆனால் பூவுக்கு முதல் கால் வைக்கிற இடத்தைப் பாரும். மாடு, ஆடு, சைக்கிள் போய்த் தேய்ந்த பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை நிற்கிற இடம் மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம், பலகை இல்லாத பற்றைக்குள்ளும் போர்க்காலத்தில் வெடிக்காமல் போன எறிகணை கிடக்கும். துருப்பிடித்த எதையும் தொட வேண்டாம், பொலிசுக்குச் சொல்லும். புது இடம் என்றால் அங்கே மாடு மேய்க்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கும், அவர்களுக்குத் தெரியாத இடம் இல்லை.

ஆனைக்காடு அண்டிய பக்கம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் மாதிரி இடங்களில் வெள்ளாப்பிலேயே புறப்பட வேண்டாம். வயலுக்கு வந்த ஆனை திரும்பிப் போகிற நேரம் அதுதான். வெயில் நன்றாக வந்த பிறகு போம். பூவும் அப்போதுதான் விரிந்திருக்கும், ஒன்றும் குறையாது. இராணுவ முகாம் வேலிப் பக்கம் போனைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், வீண் பிரச்சினை. சுண்டிக்குளம், மடு வீதி இரண்டும் 2015 முதல் தேசியப் பூங்கா, அங்கே பூப் பறிப்பது சட்டப்படி குற்றம்.

வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பூக்கிற பார்த்தீனியமும் வழியெல்லாம் நிற்கும். இந்தியப் படை காலத்தில் ஆட்டோடு வந்தது என்றுதான் எங்கட சனம் சொல்லும். அதைக் கையால் பிடிக்க வேண்டாம், சிலருக்குத் தோல் தடித்துப் போகும். வடிவாக இருக்கே என்று சாடியில் வைத்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன், என்னத்தைச் சொல்ல.

சைக்கிள் படம்:
போனே போதும், ஆனால் சோளகம்தான் எதிரி. காற்று எழும்பினால் எந்தக் காட்டுப் பூவும் நிற்காது, ஆகவே ஒன்பது மணிக்குள் முடியுங்கோ. தண்டை ஒரு கையால் மெல்லப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுக்கலாம், குடை கொண்டுபோனால் காற்றுக்கும் வெயிலுக்கும் மறைப்பு. மஞ்சள் பூ, முக்கியமாக ஆவரசும் கொன்றையும், போனில் வெளிறி இதழே தெரியாமல் போகும். போன் திரையில் பூவைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்து எடுங்கோ. கொன்றையில் நீண்டு வளைந்து நிற்கிற மூன்று கேசரம், அதுதான் மகரந்தக் காம்பு, இருக்கே, அது தெளிவாக வந்தால் படம் சரி.

பூ மட்டும் எடுத்தால் பெயர் கண்டுபிடிக்க முடியாது. இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு, காய், தூரத்திலிருந்து முழுச் செடி, எல்லாம் எடுத்து, செடிகொடிக்குப் பெயர் கண்டு சொல்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கோ. கூகுள் லென்ஸ் இங்கத்தைய செடிக்குச் சில நேரம் எங்கேயோ உள்ள பெயரைச் சொல்லும், அதை அப்படியே நம்ப வேண்டாம்.

புதுசா வந்தவன்:
நன்றி எல்லாருக்கும். அக்கா சொன்னபடி மாட்டுப் பாதையாலேயே போனேன். முள் இருந்தது, காயும் சுருண்ட கொத்துத்தான், கீழே படம் போட்டிருக்கிறேன். முல்லைத்தீவுக் கடற்கரையிலும் ஏதாவது கிடைக்குமா?

அலைகரை:
விடத்தலேதான். காயை ஆடு விட்டு வைக்காது, அதனால்தான் உங்கள் படத்தில் கீழ்க் கிளையில் ஒன்றும் இல்லை. முல்லைத்தீவுக்கு அடம்பன் கொடியைப் பார்க்கவே போகலாம், மணலில் ஊதாப் புனல் மாதிரி விரிந்து கிடக்கும். ஆனால் மத்தியானத்துக்குள் வாடிவிடும், முதல் பஸ்ஸைப் பிடியுங்கோ.