பக்கெட்ல மாட்டுற ஃபோர்க் தொங்குது, அவசரம்

கலப்பை_45:
டிராக்டர் முன்னாடி இருக்குற லோடர் பக்கெட்டோட உதட்டுல, அதாவது முன் விளிம்புல, மாட்ட பைப்புல ரெண்டு ஃபோர்க் செஞ்சேன். முதல் பேலட்டை (சரக்கு அடுக்குற மரத் தட்டு) தூக்கினதுமே முனை ரெண்டு இஞ்ச் தொங்கிருச்சு. பைப் பத்தலையா? அடுத்த சைஸ் எது எடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

தீப்பொறி:
என்ன டிராக்டர்? லோடர் கையில பக்கெட்டை மாட்டுற பின் (pin) இருக்கே, அதுகிட்ட எத்தனை கிலோ தூக்கும்? பைப் சைஸ், பேலட் எடை, பின்னாடி வெயிட் கட்டியிருக்கா, எதுவுமே சொல்லலையே ப்ரோ.

நெம்புகோல்:
வளைஞ்சது ஃபோர்க்கா, பக்கெட் உதடா? நீளமான ஸ்கேலை ரெண்டுலயும் வச்சுப் பாருங்க.

பழைய_இரும்பு:
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. பழைய இழைகளைத் தேடிப் படிச்சா என்ன குறைஞ்சிடும்? 100×50 மி.மீ. பைப்பை நிமிர்த்தி வைங்க. படுக்க வச்சா தொங்கத்தான் செய்யும், இது பள்ளிக்கூடப் பாடம்.

கலப்பை_45:
45 ஹெச்பி. பின்கிட்ட 700 கிலோ. 100×50×5 பைப், படுக்கதான் வச்சிருக்கேன். பேலட் 450 இருக்கும். ஸ்கேல் வச்சேன், பைப் நேராதான் இருக்கு.

நெம்புகோல்:
அப்போ போனது உதடு. ஃபோர்க்கை மாட்டுற உங்க கவ்வி உதட்டை எவ்வளவு ஆழம் பிடிக்குது? 150 மி.மீ.ன்னு வச்சுக்கோங்க. ஒரு ஃபோர்க்குக்கு 225 கிலோ, சுமையின் நடு உதட்டுக்கு 600 மி.மீ. முன்னாடி. பக்கெட்டுக்குள்ள இருக்குற வால்பக்கம் 900 கிலோ மேலே நெம்பும், உதட்டு நுனியை 1125 கிலோ கீழே அமுக்கும். வாலை உள்ளே 450 மி.மீ. வரை நீட்டினா அது 300, 525ஆ இறங்கிடும்.

வால் எழும்பாம இருக்க, அதன் கடைசியிலேருந்து பக்கெட்டின் மேல் விளிம்புக்கு அடியில முட்டுற மாதிரி ஊன்று கொடுங்க. ரெண்டு ஃபோர்க்கையும் குறுக்கே ஒரு ஆங்கிளால இணைங்க, இல்லேன்னா பக்கவாட்டுல விரியும். முன்னாடி வழுக்கி வராம பக்கெட் முதுகுக்கு ஒரு சங்கிலி. வளைஞ்ச உதட்டை முதல்ல நிமிர்த்திடுங்க, கோணலான தகட்டுல கவ்வி உட்காராது.

படுக்க வச்சதுல தப்பே இல்ல. இந்தச் சுமைக்குப் பைப்புல வர்ற அழுத்தம் சதுர மி.மீ.க்கு 60 நியூட்டன்கிட்ட. சாதா இரும்பு 250 வரை வளையாது.

பற்றவைப்பு:
எதுக்கு இவ்வளவு? உதட்டு மேலயே நேரா வெல்டிங் அடிச்சிடுங்க.

தீப்பொறி:
வேண்டாம். அந்த உதடு, மண்ணை வெட்டுற விளிம்பு, பெரும்பாலும் கடினப்படுத்தின எஃகு. சூடேத்தாம அடிச்சா வெல்டுக்கு ஒட்டினாப்ல மயிரிழை விரிசல் விடும், ஒருநாள் சுமையோட பிளந்துக்கும்.

பற்றவைப்பு:
7018 வெல்டிங் ராடு போட்டா ஒண்ணும் ஆகாது, விரிசல் வராம இருக்கத்தானே அது.

தீப்பொறி:
ஈரம் ஏறின 7018 வெறும் 7018 இல்ல அண்ணே. ராடை ஓவன்ல காய வச்சு, தகட்டையும் சூடேத்தி, மெதுவா ஆற விடணும்.

பற்றவைப்பு:
எந்த வயல்ல ஓவன் இருக்கு?

தீப்பொறி:
அதனாலதான் அடிக்காதீங்கன்னு சொல்றேன். கலப்பை, இன்னொண்ணு: அந்த 700 பின்கிட்ட. சுமை அங்கேருந்து ஒரு மீட்டருக்கு மேல முன்னாடி போயிடுச்சு, ஃபோர்க்கே 36 கிலோ வரும். 450 உங்களுக்கு எல்லைதான். டிராக்டருக்குப் பின்னாடி கருவி மாட்டுற த்ரீ பாயின்ட்ல வெயிட் கட்டாம தூக்கினா பின் டயர் லேசாகி பிரேக்கும் பிடிக்காது. தரையை ஒட்டியே கொண்டு போங்க.

பழைய_இரும்பு:
கணக்கு போடுறவங்க போடட்டும். நிமிர்த்தி வச்சா பலம் ஒன்றரை மடங்கு.

நெம்புகோல்:
பலம் சரி. பேலட் வாய் எவ்வளவு உயரம், அளந்தீங்களா?

*நான்கு நாள் கழித்து*

கலப்பை_45:
வாலை நீட்டி ஊன்று கொடுத்தேன், தொங்கல. பைப்பையும் நிமிர்த்திட்டேன். பேலட்டுக்குள்ள நுழைய மாட்டேங்குது.

பழைய_இரும்பு:
பேலட்டை மாத்துங்க.